ஒரே வாலுள்ள வார்த்தைகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க நான் லாயக்கில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் என் அக்கா என்னிடம்தான் இங்கிலீஷ் படிக்க வந்தாள். தங்கச்சி என்னை விட்டால் அவளுக்கு வேறு ஆள் கிடையாது. நான் தபாலில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு, போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் எடை எழுதிக்கொண்டிருந்தேன். அதே குடோனில் அவள் காய் பொறுக்கினாள். எடை மேஜையில் இருந்து தலையைத் தூக்கினால் அவள் முதுகு தெரியும்.

அத்தான் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். மகளுக்கு அப்போது விவரம் தெரியாத வயது. குடோன் வேலை வருஷம் முழுக்க இருக்காது. கோடையில் காய் வரத்து குறைந்ததும் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். அப்புறம் ஜீப் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் களை வெட்டப் போக வேண்டியதுதான். விடியுமுன் ஏறினால் இருட்டித்தான் இறங்க முடியும். நடுவில் பிள்ளையை யார் பார்ப்பது? அத்தான் போன அந்த முதல் கோடையில் மகளை மார்க்கையன்கோட்டையில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, எஸ்டேட் லயத்துக் குடியிருப்பிலேயே தங்கி வேலை பார்த்தாள். மழைக்காலத்தில் கூட்டிவரப் போனபோது, அந்தப் பிள்ளை பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வரமாட்டேன் என்றது. எப்படியோ சமாதானப்படுத்திக் கூட்டிவந்துவிட்டாள் என்றாலும், அன்றைக்கு அக்கா அழுத அழுகை! அத்தான் செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

மாமியார் கெட்ட மனுஷி இல்லை. "ஒனக்கு நெலையா ஒரு வேல கெடச்சா நீயே வச்சு வளத்துக்க ஆத்தா. இல்லன்னா பிள்ளைய இங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துருவோம். அங்கிட்டும் இங்கிட்டும் பந்தாடக் கூடாது பாத்துக்க" என்றார். நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால்தான் சண்டை போட முடியவில்லை.

நான் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். கேட்டேனே! நான் வாக்கப்பட்ட வீட்டில் ஒரு பட்டாளமே இருந்தது. என் மாமியாரிடம் மெல்ல ஆரம்பித்தேன். "ஏன், அந்தப் பிள்ளைக்குத் தாத்தா பாட்டி இல்லையாக்கும்?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தை அடுப்பங்கரையில் பாத்திரங்களிடம் காட்டினேன்.

அந்த நேரத்தில்தான் அக்கா தெருவில் இருந்த பால்வாடி டீச்சர் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிறார் என்று சேதி வந்தது. அதே ஊர்க்காரியாக இருக்க வேண்டும், புருஷனை இழந்தவர்களுக்கு முதலிடம், பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும். முதல் இரண்டும் அக்காவிடம் இருந்தன. மூன்றாவதில் முக்கால்வாசி இருந்தது. பத்தாவதில் எல்லாப் பாடமும் பாஸ், இங்கிலீஷ் மட்டும் கோட்டைவிட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். ஐப்பசி வாக்கில் ஒரு பரீட்சை, சித்திரையில் ஒரு பரீட்சை. அதற்குள் இங்கிலீஷைத் தாண்டிவிட்டால் மகள் அவளோடு இருப்பாள். தாண்டாவிட்டால் மார்க்கையன்கோட்டைக்குப் போவாள். விஷயம் அவ்வளவுதான்.

"நான் இருக்கும்போதே எம்மக தாயில்லாப் பிள்ளையா வளரணுமா? நீ சொல்லிக் குடுடி. திட்டிக்கிட்டே சொல்லிக்குடு, பரவாயில்ல" என்றாள்.

பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒரு பாடத்தில் புதுச் சொற்கள் பத்து வந்தால் மறுநாள் அதில் ஒன்று நினைவிருக்கும். நான் கத்துவேன். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். ஒருநாள் சாப்பாட்டு வேளையில், சொளகில் கிடந்த காயைக் கையால் ஒதுக்கிக்கொண்டே கேட்டாள். "ஏன்டி, நீ எல்லாத்தையும் கலந்துகட்டிக் கொட்டுற. பெருசு, சிறுசு, வெடிச்சது, கறுத்ததுன்னு பிரிச்சாத்தான எனக்குக் கை ஓடும்? வாலு ஒண்ணுபோல இருக்கிற வார்த்தைய எல்லாம் ஒரு குமியாப் போட்டுக் குடேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் புத்தகத்தில் விரலை வைத்துக் காட்டினாள். லைட், நைட், ஃபைட், சைட், டைட். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஐ, ஜி, எச், டி. "பாரு, இதுக எல்லாம் அண்ணன் தம்பிக. மொதல் எழுத்துத்தான் வேற."

அன்று முதல் குவியல் குவியலாகக் கொடுத்தேன். ஐட் குவியல், ஃபுல் குவியல், லெஸ் குவியல். கே-யில் தொடங்கி அடுத்த எழுத்தாக 'என்' வருகிற சொற்களைத் தனியாகப் பிரித்தேன். நீ, நைஃப், நாட், நாக். முன்னால் நிற்கிற கே-யை யாரும் வாயால் சொல்வதில்லை என்றதும் அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "வேலையே பாக்காம முன்வரிசையில உக்காந்திருக்கு. நம்ம சூப்பர்வைசர் மாதிரி" என்றாள். காய் பொறுக்கும் பெண்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசர் எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்து வைத்தார்.

படிப்பதற்கு அவளுக்கு வேறு நேரம் கிடையாது. கை காயில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். அந்த வாயால்தான் படித்தாள். "லைட்" என்று சத்தமாகச் சொல்வாள். அவளுக்கு எதிரே உட்காரும் இன்னொரு அக்கா இருந்தார். ஜெயமங்கலத்துக்காரி, கோயில் கொடையில் குலவை போட்டால் அடுத்த தெரு திரும்பிப் பார்க்கும் தொண்டை. அவர்தான் முதலில் "வெளிச்சம்" என்று பதில் கொடுத்தார். மறுநாள் அவரோடு இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வாரத்தில் வரிசை மொத்தமும் சேர்ந்துவிட்டது.

"நைட்."

"ராத்திரி!"

"ஃபைட்."

"சண்டை!"

"ரைட்."

"பஸ்ஸு கெளம்பலாம்!" என்று யாராவது ஒருத்தி கத்துவாள். "சரி, சரின்னு சொல்லுங்கடி" என்று மற்றவர்கள் அவளை அடிக்க வருவார்கள். குடோனில் அதுவரை சினிமாக் கதையும் மாமியார் கதையும் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது இங்கிலீஷ் ஓடியது. பால்வாடி லீவு நாட்களில் அக்கா மகள் வந்து மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வாள். பெரியவர்களை முந்திக்கொண்டு பதில் சொல்வதில் அவளுக்கு அப்படி ஒரு ஆனந்தம். முந்திவிட்டால் உடனே அம்மா முகத்தைப் பார்ப்பாள். "அப்படிப் போடு எஞ்சிங்கம்!" என்று அக்கா அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடக்குப் போடுவாள்.

லெஸ் குவியல் மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை. ஹோம்லெஸ், வீடில்லாம. ஸ்லீப்லெஸ், உறக்கமில்லாம. ஹெல்ப்லெஸ் என்பதற்கு நான் 'உதவியற்ற' என்று புத்தகத்துப் பொருளைச் சொன்னேன். ஜெயமங்கலத்து அக்கா முகத்தைச் சுளித்தார். "அது என்னத்தா உதவியத்த? நாதியில்லாமன்னு சொல்லு. அப்பத்தான் வெளங்கும்." அப்படியே மாறிவிட்டது. அடுத்து மதர்லெஸ் என்று அக்கா சொல்ல, பிள்ளைதான் முதலில் "தாயில்லாம" என்று கூவியது. ஜெயமங்கலத்து அக்கா என்மேல் பாய்ந்தார். "ஏத்தா, ஒனக்கு அறிவிருக்கா? எல்லாம் இல்ல, இல்லன்னே வருதே. இந்த வார்த்தையக் கறுத்த காயப் பொறுக்கிப் போடுற மாதிரி வெளிய போடு." நான் என்ன செய்ய? வெள்ளைக்காரனா என்னைக் கேட்டு வார்த்தை செய்தான்? புத்தகத்தில் இருக்கிறது, பரீட்சையில் வந்தாலும் வரும் என்றேன். அதுவும் குவியலிலேயே கிடந்தது.

ஐப்பசிப் பரீட்சைக்குத் தேனியில் சென்டர். நான்தான் கூடப் போனேன். பத்தி ஒன்றைக் கொடுத்து அதற்குக் கீழே கேள்வி கேட்பார்கள். பத்தியில் உள்ள சொற்கள் பிடிபட்டால் போதும், அதிலிருந்தே பார்த்து எழுதி மார்க் வாங்கிவிடலாம். எனக்கு நம்பிக்கை இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் நிம்மதியாக வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

வெளியே வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாம் தெரிஞ்ச வார்த்ததான்டி. மொகத்தப் பாத்ததும் அடையாளம் தெரியுது. யாருன்னுதான் சொல்ல வரல."

"தெரிஞ்ச வார்த்தைன்னா பொருள் தெரியாம எப்படிப் போகும்?" என்று பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கக் கத்தினேன். அவள் போடி பஸ் எப்போது என்று விசாரிக்கப் போய்விட்டாள். ரிசல்ட்டும் அப்படியே வந்தது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் ஜெயமங்கலத்து அக்காவுக்குக் காய்ச்சல், வரவில்லை. ஏதோ விசேஷமென்று இன்னும் பாதிப் பேர் வரவில்லை. அக்கா பழக்கதோஷத்தில் "சைட்" என்றாள். பதில் இல்லை. கையில் காயை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் எடை மேஜையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "சைட்" என்று மறுபடி சொன்னாள். எங்கேயோ ஒரு மூலையில் இருந்து "பார்வை" என்று வந்தது. அதன் பிறகுதான் அவள் கை அசைந்தது, அடுத்த வார்த்தையும் வந்தது.

அடக் கடவுளே என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். இத்தனை மாதமாக அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருமுறைகூடப் பதில் சொன்னதில்லை. வார்த்தை அவள் வாயில், பொருள் இவர்கள் வாயில். வரிசையில் கைநாட்டு வைக்கிற பொம்பளைகளுக்கெல்லாம் பொருள் தண்ணீர்பட்ட பாடு. பரீட்சை எழுதுகிறவளுக்குத்தான் தெரியவில்லை. கும்மியில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது போல இங்கிலீஷையும் பாடிவிட்டார்கள். எடுத்துக்கொடுக்கிறவள் தனியாக மாட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நான் போலீஸ் வேலை பார்த்தேன். யாரும் பதில் சொல்லக் கூடாது, அவளே சொல்லட்டும் என்று சட்டம் போட்டேன். பாவம், அவர்களும் சரி என்றுதான் சொன்னார்கள். முடியவேண்டுமே! அக்கா "டைட்" என்பாள். அடுத்த நொடியே "இறுக்கம்" என்று யாராவது கொட்டிவிடுவார்கள். கொட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். ஜெயமங்கலத்து அக்கா வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். வாய் பேசாவிட்டாலும் உதடு அசைந்தது. அக்கா அந்த உதட்டைப் பார்த்தே சொல்லிவிட்டாள். சரி என்று எல்லோரையும் தலைகுனிய வைத்தேன். அக்காவுக்கு வாயடைத்துவிட்டது. "லைட்" என்பாள், நிறுத்துவாள். தினம் பொழுதுபோனால் சுவிட்சைப் போடுகிறவளுக்கு லைட் என்றால் என்னவென்று தெரியாதா? வீதியில் கேட்டால் சொல்வாள். அந்த வரிசையில் அந்த ராகத்தில் கேட்டால் அவளுக்குப் பதில் சொல்ல வரவில்லை. பதில் சொல்வது அவள் முறை இல்லை, அவ்வளவுதான்.

மாற்றிப் பார்க்கலாம் என்று இன்னொரு யோசனை செய்தேன். நீங்கள் வார்த்தையைக் கேளுங்கள், அவள் பொருள் சொல்லட்டும் என்றேன். அவர்களுக்கு இங்கிலீஷ் வார்த்தை வாயில் நுழையவில்லை. பொருள் மட்டும்தான் வந்தது. "ராத்திரி" என்று கேட்டார்கள். "நைட்" என்று அக்கா மின்னலாய்ச் சொன்னாள். "முழங்காலு" என்றார்கள். "நீ" என்றாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. பரீட்சையில் எவன் தமிழில் கேட்கப்போகிறான்?

"ஏத்தா, நாங்க வேணா அவளுக்குப் பதிலா எழுத வரட்டுமா?" என்று ஜெயமங்கலத்து அக்கா உண்மையாகவே கேட்டார். "எங்க வாய அறுத்துப் போட்டாத்தான் அடங்கும் போல. நல்லது பண்ணப்போயி இப்படி ஆயிருச்சே."

"நீங்க என்னக்கா பண்ணுவீக. நீங்க சொல்லலன்னா எனக்கு இந்த அளவுகூட மண்டையில ஏறியிருக்காது" என்றாள் அக்கா.

அதுவும் உண்மைதான். யாரைக் கோபித்துக்கொள்வது? கோபம் மட்டும் எனக்கு வண்டி வண்டியாக வந்தது, இறக்கிவைக்கத்தான் இடமில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதிப் படி என்றேன். எழுதினாள். எழுதும்போது தெரிந்தது, தாளை மூடினால் போய்விட்டது. சுற்றிலும் ஏலக்காய் வாசனையும் அத்தனை குரல்களும் இல்லாமல் அவளுக்கு இங்கிலீஷ் இல்லை.

சித்திரைப் பரீட்சைக்கும் போனோம். இந்தத் தடவை நான் கடலை வாங்கவில்லை. அக்கா உள்ளே போகும்போது, "பயப்படாத, நாங்க எல்லாரும் சுத்தி உக்காந்திருக்கோம்னு நெனச்சுக்க. மனசுக்குள்ள கேளு, பதில் வரும்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாக அவள் தலை கொஞ்சம் தெரிந்தது. எழுதாமல் நிமிர்ந்து நிமிர்ந்து எதிரே பார்த்தாள். எதிரே சுவர்தான் இருந்தது. ஒருமுறை அவள் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, சூப்பர்விஷன் பார்த்த சார் வந்து பெஞ்சைத் தட்டினார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஓடிப்போய் ஜன்னலில் நின்று நாலு பொருளைக் கத்திவிட்டு வரலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. கேட்டுக்கு வெளியே நின்ற இடத்திலேயே நின்றேன்.

வெளியே வந்து டீ குடித்தாள். பாதி குடித்ததும் சொன்னாள்.

"கேட்டேன்டி. ஒவ்வொரு வார்த்தையா மனசுக்குள்ள கேட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லல."

வைகாசிக் கடைசியில் ரிசல்ட் வந்தது. பிரவுசிங் சென்டரில் நம்பரைத் தட்டிப் பார்த்த பையனிடம், இன்னொரு தடவை பாருப்பா என்றேன். பார்த்தான். அதேதான். பால்வாடி வேலை மேலத்தெருப் பெண் ஒருத்திக்குப் போயிற்று. அவளுக்கும் புருஷன் இல்லை, அவளுக்கும் பிள்ளை இருந்தது. அவளைத் திட்டுவோம் என்று நாக்கைச் சுழற்றினேன், திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மார்க்கையன்கோட்டையில் இருந்து அக்காவின் மாமியார் ஆள் அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சேர்க்க நல்ல நாள். திங்கட்கிழமையே எஸ்டேட் ஜீப்பில் அக்காவுக்கும் இடம் சொல்லியிருந்தது. சனிக்கிழமையோடு குடோனிலும் மிச்சமிருந்த காய் முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை வரிசையில் இங்கிலீஷ் ஓடவில்லை. சினிமாக் கதைகூட இல்லை. காய் சொளகில் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளை மூட்டைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் பாட்டி ஊருக்கு பஸ்ஸில் போகப்போகிறோம் என்று அதற்குக் குஷி. அம்மா தன்னை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள் என்பதை இன்னும் அதனிடம் சொல்லவில்லை.

மத்தியானம் போல, யாரும் எதிர்பார்க்காமல் அக்கா வாயைத் திறந்தாள்.

"லைட்."

ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. நான் போட்ட சட்டத்துக்காக இல்லை. ஜெயமங்கலத்து அக்கா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். பிள்ளைகூட, பெரியவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது. கொஞ்சம் பொறுத்து அக்காவே சொன்னாள்.

"வெளிச்சம்."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவள் குனிந்தபடியே, காயைப் பொறுக்கிக்கொண்டே போனாள். நைட், ராத்திரி. ஃபைட், சண்டை. சைட், பார்வை. ஐட் குவியல் முடிந்தது. கே குவியலும் முடிந்தது. எங்கேயும் தடுக்கவில்லை. கேட்டதும் அவள், சொன்னதும் அவள். என் கையில் பேனா அப்படியே நின்றுவிட்டது. சூப்பர்வைசர் எடை எவ்வளவு என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் அவரும் நின்றார்.

"எல்லாம் வருதுடி" என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "இப்ப வந்து என்னத்துக்கு?"

எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. போதும் நிறுத்து என்று நான் சொல்வதற்குள் அவள் லெஸ் குவியலுக்குப் போய்விட்டாள்.

"ஹோம்லெஸ், வீடில்லாம. ஸ்லீப்லெஸ், உறக்கமில்லாம. ஹெல்ப்லெஸ், நாதியில்லாம."

அடுத்ததை எடுத்தாள்.

"மதர்லெஸ்."

அதோடு நின்றுவிட்டாள். உதடு திறந்தது, சத்தம் வரவில்லை. தலையைத் தூக்கி, பழைய மாதிரியே வரிசையைப் பார்த்தாள். எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஜெயமங்கலத்து அக்கா சொளகைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன்.

பெரியவர்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை என்று நினைத்துவிட்டது பிள்ளை. மூட்டைமேல் எழுந்து நின்று, குடோன் முழுக்கக் கேட்கும்படி, "தாயில்லாம!" என்று கத்தியது. கத்திவிட்டு, முந்திக்கொண்ட பெருமையில், சிங்கம் என்று சொல்வாள் என்று அம்மா முகத்தைப் பார்த்துச் சிரித்தது.